சிண்டிகேட் கூட்டமும் ஒரு கரண்டித் தாளிப்பும்

“...அதனாலதான் சொல்றேன் அண்ணா, சோறு வேகட்டும், சாம்பார் கொதிக்கட்டும். தாளிப்பை மட்டும் கொட்டாதீங்க, என் விஷயம் முடியற வரைக்கும்.”

பல்கலைக்கழக கேன்டீன் அடுப்படி வாசலில் நின்று இதைச் சொன்னவர் மாலைக் கல்லூரியின் பொறுப்பாளர் அம்மா. பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். இவர் பிறந்ததே இங்கேதான். நான் கொள்ளேகால்காரன். தொண்ணூறுகளில் அந்தக் கேன்டீனை நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்கார்ந்தவனில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிட வந்தவர்கள் பேசியதில் பொறுக்கிக்கொண்டதுதான்.

அம்மா சொன்னது விளையாட்டுக்கல்ல. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கூடும் அறை என் அடுப்படிக்கு நேர் மேலே. நெய்யில் கடுகும் பெருங்காயமும் விழுந்தால் போதும், வாசனை ஜன்னல் வழியாக ஏறி துணைவேந்தர் நாற்காலிக்கே போய்விடும். ஃபைல்களை மூடிவிடுவார்கள். சாப்பிட்டபின் கூட்டம் தொடரும் என்று காகிதத்தில் போட்டிருக்கும். சாப்பிட்டவர்கள் திரும்ப மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை. மிஞ்சிய விஷயங்கள் அடுத்த கூட்டத்துக்கு. போன முறை மாலைக் கல்லூரி விஷயம் அப்படித்தான் என் பெருங்காயத்தில் அடிபட்டுப் போனது.

இந்த முறை அடிபட்டால் அவ்வளவுதான். மாலைக் கல்லூரிக்குத் தந்துவந்த மானியத்தை நிறுத்தப்போவதாக அரசாங்கம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகமே தன் பணத்தில் நடத்தும் என்று அன்றைக்கே முடிவானால்தான் ஜூனில் புதியவர்களைச் சேர்க்கலாம். இல்லையென்றால் வாசலில் பூட்டு. “பேருக்குத் தன்னாட்சி, பர்ஸ் மட்டும் பெங்களூர்ல” என்பார் தேர்வுப் பிரிவு குமாஸ்தா ஒருவர், இரண்டாவது காபி கேட்கும்போதெல்லாம்.

அங்கே படித்தவர்களை எனக்குத் தெரியும். வகுப்புக்கு முன் என்னிடம்தான் டீ குடிப்பார்கள். பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடையில் பில் போடும் பெண், தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மூட்டைக்காரர் ஒருநாள் சொன்னார்: “காலைல சுமை தலைமேல, சாயங்காலம் தலைக்குள்ள. உள்ள போற சுமை கனக்கவே மாட்டேங்குது.” நாலு பேருக்கு அதைச் சொல்லாமல் நான் அன்று கடை சாத்தவில்லை.

“பதிவாளர் ஐயா என்னையத்தானுங்க பிடிச்சுக் கத்துவாரு” என்றேன்.

“கத்தினா என் பேரைச் சொல்லுங்க. பாயசத்துல உப்பா போடச் சொன்னேன்?”

“சரிங்க மேடம். நீங்க வந்து சொல்லாம கடுகு வெடிக்காதுங்க.”

கூப்பிட்டால் ஓடலாம் என்று அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். சிண்டிகேட்டில் அவர் உறுப்பினர் இல்லை. அழைத்தால்தான் உள்ளே போகலாம்.

ஒரு மணி தாண்டியதும் பியூன் சாப்பாடு கேட்டு இறங்கி வந்தார். “ஊட்டா ரெடியா ஸ்வாமி? பெங்களூர் நிதித்துறை சாரு, மிச்சமெல்லாம் அடுத்த மீட்டிங்ல பாக்கலாம், பசிக்குதுன்னு எழுந்துக்கறாரு.”

“இன்னும் தாளிக்கலைங்க.”

“தாளிக்காமலே ஊத்துங்களேன்!”

“மைசூர்ல தாளிக்காத சாம்பார் ஊத்துனாங்கன்னு அவரு பெங்களூர் பூராச் சொல்லட்டும். அந்தப் பேரு உங்களுக்கு வேணும்ங்களா?”

பியூன் சிரித்துக்கொண்டே மேலே போய் அப்படியே சொல்லியிருக்கிறார். “சாப்பாடு வரலைன்னா சும்மா உட்கார்ந்து என்ன பண்றது? அந்த அம்மாவைக் கூப்பிடுங்க” என்றாராம் துணைவேந்தர்.

அடுப்பைக் குறைத்துவிட்டு அண்ணாந்து நின்றேன். நாற்காலிகள் நகர்ந்தன. அம்மாவின் குரல் வந்தது. சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் அந்தக் குரல் ஓரிடத்திலும் இறங்கவில்லை. நிதித்துறைக்காரரின் குரல் குறுக்கே ஏறியது. அவர் முடிக்கும்வரை காத்திருந்து இவர் ஏதோ சொன்னார். மேலே ஒரே சிரிப்பு.

பியூன்தான் அதைப் பிறகு எனக்குச் சொன்னார். “பகலெல்லாம் வேலை செஞ்சுட்டு சாயங்காலம் படிச்சு இவங்க என்ன ஆகப்போறாங்க?” என்று கேட்டாராம் நிதித்துறைக்காரர். “உங்க நாற்காலிக்கே வரலாம் சார். அப்ப எங்க ஃபைல் கொஞ்சம் சீக்கிரம் நகரும்” என்றாராம் அம்மா.

கொஞ்ச நேரத்தில் படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. அந்த வேகத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. நெய்யைச் சூடேற்றினேன்.

“ஆயிடுச்சுங்களா மேடம்?”

“ஆச்சு அண்ணா. நம்ம பணத்துலயே நடத்தறோம். ஜூன்ல அட்மிஷன்.”

கடுகு டப்பாவுக்குக் கை நீட்டினேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து தாளிப்புக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். கடுகையும் பெருங்காயத்தையும் தானே போட்டு, பொரியப் பொரிய அண்டாவில் கவிழ்த்தார். பிறகு எட்டி, ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவைத்தார்.