கறித்தூள் மணத்த பியர்

மூன்று வருடங்களுக்கு முன், சிட்னியில் நார்த்மீட்டில் இருக்கும் எங்கள் வீட்டில், மூத்த மகளின் உறுதிபூசுதல் என்கிற தேவாலயச் சடங்குக்காக மத்தியானச் சாப்பாடு கொடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. நினைத்தால் இப்போதும் காது சூடாகும். பாதி வெட்கம், மீதி கோபம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில் பியர் செய்கிற பெண். மன்னாரில் பிறந்தவள், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள், மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள். முகம் சுளிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம்.

என் கணவருக்கு அலுவலக நண்பர்கள் பியர் செய்யும் சாமான்களைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் ஒருமுறை செய்தார், புளித்துப்போனது. எல்லாவற்றையும் கராஜ் மூலையில் போட்டுவிட்டார். எடுத்துக் கழுவியவள் நான். சுத்தம், வெப்பநிலை, நாள் கணக்கு எல்லாம் எனக்கு வேலையிடத்துப் பழக்கம்தானே. இரண்டாவது தடவையே நன்றாக வந்தது. அடுத்ததில் ‘ட்ரை ஹொப்பிங்’ பிடிபட்டது. ஹொப்ஸ் என்கிற பூவை அரைத்து அழுத்திய பச்சைக் குறுணிகளை, பியர் நொதித்து அடங்கும் நேரத்தில், கொதிக்க வைக்காமல் அப்படியே உள்ளே போட்டு மூன்று நாள் விடவேண்டும். கசப்பு அதிகம் ஏறாது, மணம்தான் இறங்கும். மூடியைத் திறந்தால் பாஷன்பழ வாசம் கராஜ் முழுக்க நிற்கும்.

வந்தவர்கள் குடித்துவிட்டு, “அண்ணையின்ர கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது” என்று என் கணவரைப் புகழ்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். பிறகு என்னிடம், “சனம் கதைக்கும், விடப்பா” என்பார். நானும் விட்டேன். இரண்டு வருடம் விட்டேன். எங்கள் விருந்துகளில் ஆண்கள் கராஜில் இருப்பார்கள், பெண்கள் குசினியில் இருப்போம். என் பியர் அங்கே, நான் இங்கே.

மகளின் விருந்துக்கென்று மினக்கெட்டு ஒன்று செய்தேன். ஏற்கெனவே உடைத்த ஹொப்ஸ் பக்கெற்றில் மிஞ்சியதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பிறீசரில் வைத்திருந்தேன். மாமி ஊரிலிருந்து வறுத்த கறித்தூள் அனுப்பிய டப்பா அது. மூன்று முறை கழுவினேன், மணந்தும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் மூக்குக்குக் கறித்தூள் ஒரு மணமே இல்லை, வீட்டுக் காற்றே அதுதான். அந்தக் கிழமை எனக்குத் தடிமன் வேறு, மூக்கு அடைத்திருந்தது. அந்த ஹொப்ஸையே பியருக்குள் போட்டு, ருசி பார்க்காமலே போத்தலில் அடைத்துவிட்டேன். ஆய்வுகூடத்தில் இப்படி வேலை செய்திருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

விருந்தன்று றோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து கராஜுக்குப் போகும் கதவடியில் வந்து நின்றேன். உள்ளே, எப்போதும் அதிகமாகப் புகழ்கிற நண்பரின் குரல் கேட்டது.

“என்ன அண்ணை இது? ரசத்துக்குள்ள பியரை ஊத்தினமாதிரிக் கிடக்கு!”

கராஜே சிரித்தது. அந்த டப்பாவை பிறீசரில் கண்டிருந்த என் கணவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது.

“நான் என்ன செய்ய? மனுசிதான் ஹொப்ஸைக் கறித்தூள் டப்பாவுக்குள்ள போட்டு வைச்சவ.”

“பொம்பிளையளை இதுக்குள்ள விட்டால் இப்பிடித்தான்” என்றார் இன்னொருவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் நன்றாக வந்ததெல்லாம் அவருடையது, ஒன்று கெட்டதும் அது மட்டும் என்னுடையதா? தட்டை மேசையில் வைத்தேன்.

“ஓம், நான்தான் பழுதாக்கினனான். நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போன ஆறு போத்தலும் நான் செய்ததுதான். இவர் செய்தது ஒரேயொருக்கா. அது சிங்குக்குள்ள போனது.”

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, “ஓம், எல்லாம் அவதான் செய்யிறவ. எனக்கு மூடி திறக்க மட்டும்தான் தெரியும்” என்றார். அந்த வார்த்தைக்காக அவரைப் பாதி மன்னித்தேன். மீதி இன்னும் பாக்கி.

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் நிறைய ஊற்றிக் குடித்தேன். தடிமன் விட்டிருந்ததால் இப்போது எல்லாம் தெரிந்தது. படுமோசம். பெருஞ்சீரகமும் மல்லியும் தொண்டை வரை வந்தன. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

குசினிக்குத் திரும்பியபோது உறவுக்காரப் பெண் ஒருவர், “பிள்ளையின்ர நல்ல நாளில இது தேவையோ?” என்று கேட்டார். “தேவைதான்” என்றேன். மகள் என்னைத் தனியாக இழுத்து, “மம், தட் வாஸ் ஸோ எம்பராஸிங்” என்றாள். பழகிக்கொள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. வராமல் இருக்கட்டும். ஹொப்ஸுக்குத் தனியாகக் கண்ணாடிப் போத்தல் வாங்கிவிட்டேன். ருசி பார்க்காமல் எதையும் அடைப்பதில்லை.

திறமான பியர் ஒன்று வரட்டும், அன்றைக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தவள் நான். ஆனால் கெட்டுப்போன ஒன்றை எல்லோர் முன்னாலும் என்னுடையது என்று சொன்ன பிறகுதான், நன்றாக வந்தவை எல்லாம் என் பெயருக்கு வந்து சேர்ந்தன.