டெர்வ்லா ஒளித்து வைத்த கோட்டு

அயர்லாந்தில் லீட்ரிம் பக்கத்து மாட்டுக்காரர் வீட்டுப் பெண் டெர்வ்லா. எங்கள் டப்ளின் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. மக்களின் தனிப்பட்ட தகவல்களை மென்பொருள் நிறுவனங்கள் சரியாகக் கையாள்கின்றனவா என்று அரசு சார்பில் விசாரிப்பது எங்கள் வேலை. இதே வேலை செய்யும் மற்ற ஐரோப்பிய நாட்டு அலுவலகங்கள் எங்களைப் பல்லில்லாத பாம்பு என்று கிண்டல் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் அவளுக்கு முதல் வழக்கு வந்தது.

புகார் கொடுத்தவர் கேவன் என்கிற ஊரில் பஸ் ஓட்டும் பெண்மணி. வானிலை பார்க்க ஒரு ஆப் போட்டிருந்தார். போகுமிடமெல்லாம் அது கவனிக்கட்டும் என்று ஒரே தட்டில் 'சரி' சொல்லிவிட்டார். பிறகு மனம் மாறி 'வேண்டாம்' என்று சொல்லப் போனால் பக்கம் மேல் பக்கம், ஏன் போகிறீர்கள் என்று கேள்வி, கடைசியில் மறுபடி முதல் பக்கம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தச் 'சுலப'த்துக்குப் பொருள் சொல்லித்தான் வக்கீல்கள் பிழைக்கிறார்கள்.

கடைசி விசாரணை நாள். வழக்கை மூடுவதா, உத்தரவு போடுவதா என்று எங்கள் தலைவி ஊனா அன்று முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் வக்கீல் கோர்மாக், வாயால் வடை சுடுகிற ஆள், எழுந்தார்.

"நம்ம ஊர்ல வீட்டுக்கு வந்தவங்க கிளம்பறேன்னா உடனே விட்டுடுவோமா? உக்காருங்க, இன்னொரு டீன்னு வாசல் வரைக்கும் கெஞ்ச மாட்டோமா? எங்க ஆப்பும் அந்த மரியாதையத்தான் செய்யுது."

ஊனாவே சிரித்துவிட்டார். போச்சு, வழக்கு ஊத்திக்கொண்டது என்று நினைத்தேன். டெர்வ்லா வெளியே போய்விட்டு வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். வெளியே நல்ல மழை. கதவருகே ஆணியில் கோர்மாக்கின் கோட்டு இல்லை.

"என் கோட்டு எங்கம்மா?"

"ஏன் சார் கிளம்பறீங்க? காரணம் சொல்லுங்க," என்றாள் டெர்வ்லா.

"பசிக்குது!"

"சரி, பக்கத்து ரூம்ல பாருங்க."

போனார். அங்கே இல்லை. மாடிக்கு அனுப்பினாள். அங்கேயும் இல்லை. மூச்சு வாங்க மறுபடி அதே கதவருகே வந்து நின்றார்.

"என்ன கூத்து இது டெர்வ்லா? வழக்குலேருந்தே உன்னைத் தூக்கிடுவேன்!" என்று ஊனா சீறினார்.

டெர்வ்லாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"வக்கீல் சார், காலைல கோட்டை மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நொடி."

"எடுக்க?"

அவர் காலி ஆணியைப் பார்த்தார்.

"நாமளும் கெஞ்சுவோம் சார். டீ குடிங்கன்னு நூறு தடவை சொல்வோம். கோட்டை ஒளிச்சு வெப்போமா?"

தன் மேஜைக்கடியிலிருந்து எடுத்து நீட்டினாள். கோர்மாக் அதை வாங்கிக்கொண்டு, "கெடுத்தியேம்மா," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம்; ஊனா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே டெர்வ்லாவைக் கூப்பிட்டு உத்தரவை எழுதச் சொன்னார்.

வழக்கப்படி அது கருத்துக் கேட்டு மற்ற நாட்டு அலுவலகங்களுக்குப் போனது. எங்கள் உத்தரவுகளைப் பிரித்து மேய்கிறவர்கள், இந்த முறை ஒரு மறுப்புக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமைதான், வேறென்ன?

ஆப்பில் இப்போது 'சரி'க்குப் பக்கத்திலேயே, அதே அளவில் 'வேண்டாம்' இருக்கிறது. ஒரே தட்டு. கேவன் பெண்மணி ஓய்வு நேரத்தில் பஸ்ஸிலிருந்தே அதைத் தட்டிவிட்டு டெர்வ்லாவுக்குப் போன் செய்தார்.

கோர்மாக் இன்றைக்கும் வேறு வழக்குகளுக்கு வருகிறார். ஆணி காலியாகத்தான் இருக்கும். கோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்.