மே மாதத்துக் கோட்டு

ஈரம் காயாத பாலியெஸ்டர் துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு வாசனை எழும். அது துணியின் வாசனை அல்ல, துணிக்குள் தங்கிப்போன ஆளின் வாசனை. நேற்றைய வியர்வை, அதன் மேல் கொட்டிய பவுடர், பேருந்துக் கம்பியின் துரு, எல்லாம் வெந்து ஆவியாகி மூக்கில் ஏறும். சென்ற வாரம் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது அது என்னைப் பிடித்து நிறுத்தியது. வண்டிப் பலகையில் ஒரு கருநீலக் கோட்டு மல்லாந்து கிடந்தது. கழுத்தில் நிறுவன அட்டை தொங்கப் பக்கத்தில் நின்ற பெண், "அண்ணா, காலர்ல உப்பு பூத்திருக்கு பாருங்க, அது தெரியாம தேய்ச்சுக் குடுங்க, போட்டோ அனுப்பணும்" என்றாள். மே மாதம். காகங்கள்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த காலை. வாங்க வந்த பாலை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். இத்தனை வருடம் இந்தக் கோபம் என் உடம்பில் எந்த மூலையில் படுத்திருந்தது என்று தெரியவில்லை. வேர்க்குருவைப் போல, சூடு பட்டதும் மொத்தமாகக் கிளம்பிவிட்டது.

அது மாதிரிக் கோட்டை நானும் போட்டிருக்கிறேன். அக்காவும் போட்டார். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே நாளில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், என்னைவிடச் சற்றே பெரியவர். அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். கிளை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். நாங்கள் விற்றது பாதுகாப்புச் சாதனங்கள். உலைக்கு முன்னால் நிற்பவனுக்குக் கையுறை, தீப்பொறி பறக்கும் இடத்துக்கு முகக்கவசம், வெப்பம் தாங்கும் மேலங்கி. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் நின்று, சூடு மனிதனை என்ன செய்யும் என்று படம் போட்டு விளக்குவோம். உடம்பில் நீர் வற்றினால் முதலில் கவனம் சிதறும், பிறகு கை நடுங்கும், பிறகு ஆள் விழுவான் என்போம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் முதுகில் கிளம்பிய வியர்வை கால்சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். இதைவிடக் கேவலமான வேடிக்கையை நான் பார்த்ததில்லை.

கோட்டு பெங்களூரில் பிறந்தது. எங்கள் மண்டல மேலாளர் அங்கேதான் இருந்தார். அவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை, 'மண்டலம்' என்போம். மண்டலம் கிளம்பியாச்சா, மண்டலம் சாப்பிட்டாச்சா. மாதம் ஒரு முறை விமானத்தில் வந்து மீனம்பாக்கத்தில் இறங்கி, குளிரூட்டிய காரில் ஏறி, குளிரூட்டிய அறைக்குள் இறங்குவார். கார்க் கதவுக்கும் கட்டடக் கதவுக்கும் நடுவே கிடக்கும் துண்டு வெயில்தான் அவருக்குத் தெரிந்த சென்னை. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அவர் முடிவு செய்தார்: விற்பனைப் பிரிவில் ஆண், பெண் எல்லோருக்கும் உள்துணி வைத்துத் தைத்த கருநீலக் கோட்டு, பன்னிரண்டு மாதமும். "வெயில் எல்லாம் மைண்ட்லதான்பா இருக்கு. நானும் கோட்டுதானே போட்டிருக்கேன், எனக்கு வேர்க்குதா?" என்று கேட்பார். நிஜமாகவே அவருக்கு வேர்த்ததில்லை. அதுதான் எங்கள் துரதிர்ஷ்டம்.

கோட்டு மட்டும் என்றால் பொறுத்திருப்போம். கூடவே போட்டோ வந்தது. வீட்டை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து நீங்கள்தான் கம்பெனி என்று சொல்லி, காலையில் பேருந்து நிலையத்தில் ஒரு படம், தொழிற்சாலை வாசலில் ஒரு படம், இரண்டையும் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார். முழுக் கோட்டோடு, பித்தான் பூட்டி. மண்டலம் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார். பிடித்தால் கட்டைவிரல். கழுத்தில் வியர்வை மின்னினால் கீழே ஒரே சொல் விழும்: 'நெக்'. எல்லோர் முன்னாலும். நாற்பது வயதில், மீசை நரைத்த ஆண்கள், ஒரு தொழிற்சாலைக் காவலாளியிடம் போனைக் கொடுத்து, "அண்ணா, கழுத்து தெரியாம எடுங்க" என்று கெஞ்சிக்கொண்டு நிற்போம். நடுவழியில் கோட்டைக் கழற்றிவிடுகிறோமா என்று பார்க்கத் திடீரென்று வீடியோ அழைப்பும் வரும். எங்களில் பாதிப் பேர் பயத்திலேயே கோட்டைக் கழற்ற மாட்டார்கள். அழைப்பு வந்தால் அக்கா எடுக்கவே மாட்டார். அப்புறம் கூப்பிட்டு, "மண்ணிவாக்கம் தாண்டிட்டா டவர் இல்ல சார்" என்பார். மண்ணிவாக்கம் தாம்பரத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்று மண்டலத்துக்குத் தெரியாது. ஆகவே நம்பினார்.

அக்காவின் பயணம் ஒரு போர்த் திட்டம். தாம்பரத்தில் படம் எடுத்த கையோடு கோட்டு கழன்று பைக்குள் போய்விடும். உள்ளே பழைய பருத்திச் சுடிதார், காலில் ரப்பர் செருப்பு. போகும்போது பேருந்தின் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், அப்போதுதான் வெயில் எதிர்ப்பக்கம் விழும். காபி கிடையாது, மோர். வியர்த்தால் பவுடர் களிம்பாகிவிடும், ஆகவே அதுவும் கிடையாது, ஈரத் துணிதான். படப்பையில் இறங்கி, சாலையோரத்தில் ஒரு அம்மா நடத்தும் தையல் கடைக்குப் போவார். அங்கே திரைக்குப் பின்னால் முகம், கழுத்து, கை கழுவி, புதுச் சுடிதார் மாற்றி, மின்விசிறிக்கு அடியில் ஆறவிட்டு, அடுத்த வண்டியில் ஒரகடம். தொழிற்சாலை வாசலில் மரநிழல் பார்த்து நின்று, கடைசி நிமிடத்தில்தான் கோட்டு. படத்தில் பார்த்தால் வெயிலையே அறியாத முகம்.

தையல்கார அம்மா முதல் நாள் கோட்டை விரலால் நிமிண்டிப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாமே இது, கம்பளியாட்டம் கீது. இத்த மாட்டிகினு எங்க போற, ஊட்டிக்கா?"

"ஒரகடத்துக்கு."

"ஒரகடத்துல பனி பெய்யுதுன்னு எவன் சொன்னான் உங்க கம்பெனிக்கு?"

அக்கா அன்றுதான் ஒரு யோசனை சொன்னார். முதுகுப் பக்க உள்துணியைப் பிரித்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அந்த அம்மா பிளேடால் தையலைப் பிரித்தெடுத்தார். வெளியே பார்க்க முழுக் கோட்டு, உள்ளே வெறும் ஒற்றைத் துணி. கூடப் போயிருந்த எனக்கும் செய்து தரச் சொன்னார் அக்கா. செய்துகொண்டேன், ஆனால் நான் வேர்க்கிற உடம்பு. எத்தனை சட்டை மாற்றினாலும் என் கழுத்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 'நெக்', 'நெக்', 'நெக்'.

இத்தனை பாட்டை அவர் எதற்காகப் பட்டார் என்று சொல்ல வேண்டும். குரோம்பேட்டை கிளை அலுவலகத்தில் அணித் தலைவர் இடம் ஒன்று காலியாகவிருந்தது. அக்காவின் விற்பனை எங்கள் எல்லோரையும்விட அதிகம். போட்டோவிலும் அவர் ஒருவருக்குத்தான் தினமும் கட்டைவிரல். கழுத்திலும் இடுப்பிலும் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது, தோல் டாக்டர் வியர்வை படாமல் இருங்கள் என்று சொல்லியிருந்தார். அதைச் சொல்லிப் பேருந்தில் சிரித்தார். "வேர்வை படாம இருக்கணும்னா நான் செத்துதான் போகணும், இல்ல டீம் லீடர் ஆகணும். மேசை, மேல ஒரு ஃபேன். ஏசிகூட வேணாம்டா தம்பி. சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடிச்சா வீடு." அந்த மின்விசிறியைப் பற்றி அவர் பேசும்போது, சிலர் கடற்கரையோர பங்களாவைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் நாங்கள் ஒரு வேண்டுகோள் வைத்தோம். கோடை முடியும்வரை கோட்டு வேண்டாம், முழுக்கைச் சட்டை போதும். மண்டலம் பதில் எழுதவில்லை. அக்காவின் படத்தைக் குழுவில் போட்டார். தொழிற்சாலை வாசல், கொளுத்தும் வெயில், பனித்துளி படாத ரோஜா போல அக்கா. கீழே ஒரு வரி: இவங்களால முடியுதுன்னா உங்களால ஏன் முடியல?

அந்த ஒரு வரியின் அயோக்கியத்தனத்தை நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். ஒரு பெண் தன் புண்ணை மறைக்கக் கண்டுபிடித்த வழியை எடுத்து, மற்றவர்களின் முதுகில் போடும் சாட்டையாக முறுக்கிவிட்டார். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு மட்டும் வேர்க்கிறதே இல்லையா, இல்ல மண்டலம் அதையும் பெங்களூருக்கு எடுத்துனு போயிட்டாரா?" என்று கேட்டான் ஒருவன். அக்கா சிரிக்கவில்லை. அன்று பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் அணியில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார், பெரியவர் என்று கூப்பிடுவோம். சர்க்கரை நோய்க்காரர், கனத்த உடம்பு, ஸ்கூட்டரில் வருகிறவர். குழுவில் எதற்கும் வாய் திறக்காத மனிதர். அக்காவின் படம் வந்த பிறகு அவர் வழியில் கோட்டைக் கழற்றுவதையே நிறுத்திவிட்டார். ஒரு பெண்பிள்ளையால் முடிகிறது, நம்மால் முடியாதா என்ற வீம்பு. அடுத்த வாரமே, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் படத்துக்காகக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றபடியே சரிந்தார். காவலாளிகள்தான் தூக்கிப் போய்ப் படுக்கவைத்துப் பித்தான்களைப் பிய்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். கவனம் சிதறும், கை நடுங்கும், ஆள் விழுவான்: நாங்கள் படம் போட்டு விளக்குவது வரிசை மாறாமல் நடந்தது. மண்டலம் குழுவில் எழுதினார்: நிறையத் தண்ணி குடிங்க, டேக் கேர். கூடவே ஓர் அறிவிப்பு. கோடையிலும் கச்சிதமாகத் தோன்றுவது எப்படி என்று அக்கா எல்லோருக்கும் வகுப்பெடுப்பார், தானே நேரில் வருவார், வகுப்பு முடிந்ததும் அணித் தலைவர் யார் என்ற அறிவிப்பு.

குரோம்பேட்டை அலுவலகத்தின் அந்த அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குளிர் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் முன் வரிசையில், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு, கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்டலம் கால்மேல் கால். அக்கா எழுந்து முன்னால் போனார். கொஞ்ச நேரம் பெரியவரையே பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மேசை மேல் விரித்தார். பிரித்த தையலின் நூல்கள் ஓரம் முழுக்கத் தொங்கின.

"கச்சிதமா இருக்கறது எப்படின்னு கேட்டீங்க. இதைப் போடாம இருந்தா இருக்கலாம்," என்றார். "தாம்பரத்துல போட்டோ எடுத்ததும் கழட்டிடுவேன். படப்பையில வேற துணி மாத்திப்பேன். வாசல்ல போட்டோவுக்கு மட்டும்தான் இது. அதுவும் உள்ள ஒண்ணும் கிடையாது, பாத்துக்கோங்க. என்னைப் பாத்து யாரும் இதைப் போட்டுக்காதீங்க. சார், நான் போட்டது கிடையாது."

நான் எழுந்து நானும் வழியில் கழற்றிவிடுகிறவன்தான் என்று சொன்னேன். இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். கடைசியில் பெரியவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மண்டலம் கையமர்த்தினார். "உக்காருங்க, உங்ககிட்ட அப்புறம் வரேன்." வரவே இல்லை. ஐந்து பேரையும் அனுப்பிவிட்டால் ஒரகடத்துக்கு யார் போவது. ஒருவரை அனுப்பினால் போதும் என்பது அவருக்குத் தெரியும். அக்கா மீது இரண்டு குற்றம் எழுதினார்கள். தவறான படங்களை அனுப்பி நிறுவனத்தை ஏமாற்றியது, நிறுவன உடைமையைச் சேதப்படுத்தியது. உடைமை என்றால் அந்த உள்துணி. நீங்களாகவே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் உங்களுக்கு நல்லது என்றார்கள். அக்கா எழுதிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் மண்டலத்தின் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பயணத்தின்போது விற்பனைப் பிரிவினர் இலகுவான பருத்தி உடை அணியலாம், வாடிக்கையாளர் இடத்தை அடையுமுன் மாற்றுடைக்கு மாறிக்கொள்ளலாம், பேருந்தில் நிழல் பக்கம் அமர்வது நன்று. நிழல் பக்கம் அமர்வது நன்று. அதைப் படித்தபோது கையில் இருந்த போனை எறியாமல் வைத்ததற்குக் காரணம், அது என் போன் என்பது மட்டும்தான். ஊழியர் நலனில் அக்கறை என்று அதற்காகத் தலைமையகத்தில் மண்டலத்துக்குப் பாராட்டும் கிடைத்தது. போட்டோ மட்டும் நிற்கவில்லை. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் எந்த நிறுவனமோ, யார் கண்டது. எவனோ ஒருவன் இந்த மே மாதக் காலையில், ஏதோ ஓர் அறையில், அவள் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் போகிறான்.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அவர் கோட்டை ஒப்படைத்த நாளில். குரோம்பேட்டை ரயில் நிலையப் படிக்கட்டு வரை கூடவே வந்தார். நான் தாம்பரம் போக வேண்டும், அவர் ஷேர் ஆட்டோவுக்கு. சாயங்காலப் புழுக்கம், மேகம் மூடி, ஒரு இலை அசையவில்லை. ஏன் அக்கா சொன்னீங்க, வகுப்பு முடிஞ்சிருந்தா அந்த இடம் உங்களுக்குத்தானே என்று கேட்டேன். குரலில் அவர் மேலேயே கொஞ்சம் கோபம் இருந்திருக்க வேண்டும். துப்பட்டாவால் கழுத்தை ஒற்றிக்கொண்டார், புண்ணில் பட்டு முகத்தைச் சுளித்தார். தண்டவாளத்தில் வண்டியின் ஓசை ஏறிக்கொண்டிருந்தது.

"வண்டி வருது, சீக்கிரம் சொல்லிடறேன். அந்த மேசைல உக்காந்தா என்ன வேலைன்னு நினைச்ச? கிளாஸுக்கு முந்தின நாளே மண்டலம் போன்ல சொல்லிட்டாரு. இனிமே காலைல எல்லார் போட்டோவையும் பெருசாக்கிப் பாத்து, நான்தான் 'நெக்' போடணுமாம். பெரியவர் கழுத்தப் பாத்து நான் போடணுமாடா அத?"