கை தட்டிப் பார்த்தவர்

ஹம்பேர்க்கில் நாங்கள் குடிபோன வீட்டின் வரவேற்பறை பெரியது. இருமினால்கூட எதிரொலிக்கும். அங்கே வயர் இல்லாத ஸ்பீக்கர்களை வைத்துத் தர, கணவருக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் அளவு நாடா இருந்தது. கடைசிவரை அதை அவர் வெளியே எடுக்கவேயில்லை.

அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார், தலையைச் சாய்த்துக் கேட்டார். நாலடி தள்ளி மறுபடி தட்டினார். ஸ்பீக்கர்களை எங்கே மாற்றி வைத்தாலும் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணவர் அவை வந்த பெட்டியைத் தேடத் தொடங்கினார்.

வந்தவர் குனிந்து, தரையில் கிடந்த, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்தார்.

"தங்கச்சி, நான் வர முதல் இந்த அறைக்குள்ள இருந்து என்னத்தை எடுத்தனீங்கள்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உடுப்புக் காயப்போட்ட ஸ்டாண்ட் அண்ணை. கம்பளம், மெத்தை எல்லாம் படுக்கையறைக்குள்ள தள்ளிப் போட்டன். ஆள் வருகுதெண்டு..."

"எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வாங்கோ."

கொண்டுவந்தோம். ஈரத் துவாய்களுக்கும் என் உள்பாவாடைகளுக்கும் நடுவே நின்று அவர் மீண்டும் கை தட்டினார். சத்தம் திரும்பி வரவில்லை. பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"ஓம், இப்பதான் இது ஆக்கள் இருக்கிற வீடு," என்று சொல்லிக் கிளிப்பை என்னிடம் தந்தார்.

அதன்பின் அவரை நான் கண்டதில்லை. இப்போதும் யாராவது வருகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே ஒளிக்கத்தான் செய்கிறேன். மணி அடித்ததும், கதவைத் திறக்கும் முன் வரவேற்பறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுகிறேன். பிறகு ஓடிப்போய் ஸ்டாண்டை வெளியே இழுத்து வருகிறேன்.