என் மூன்றாவது ஆல்பமும் அதன் யல்லா யல்லாவும்

இதுவரை மூன்று ஆல்பம் போட்டிருக்கிறேன். முதலாவதில் மலை, மழை, நதி என்று பாடியிருந்தேன். துபாய் கராமாவில் ஒரு பழைய பிளாட்டில் உட்கார்ந்துகொண்டு எந்த நதியைப் பார்த்தேனோ தெரியவில்லை. இரண்டாவது முழுக்க ஆங்கிலம். ஹோட்டல் பேண்டுகளோடு சேர்ந்து ராக் பாடித் திரிந்த காலம் அது. பாதிப் பாட்டில் என் உச்சரிப்பைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்றாவதில்தான் என் கிட்டாரும் என் தமிழும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. இங்குள்ள தமிழர்களுக்கு என்னைத் தெரியும் என்றால் அதனால்தான். தெரிந்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் ஷார்ஜாவில் குடியிருந்தோம். துபாயில் எனக்கு ஆபீஸ். கார் லிஃப்டில் போய்வருவேன். மாதாமாதம் பணம் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரே காரில் வேலைக்குப் போவதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். டிராபிக்கில் நகராத காரில், பக்கத்தில் இருப்பவள் என்ன ஷாம்பு போட்டாள் என்பது வரை தெரியும், பெயர் தெரியாது. ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். டிரைவரும் சொல்லவில்லை, எங்களில் யாரும் கேட்கவும் இல்லை. அவளைப் பற்றித்தான் 'ஷார்ஜா லிஃப்ட்' என்ற பாட்டு. மெதுவான பாட்டு. ஆல்பத்துக்கும் அதே பெயரை வைத்தேன்.

வீட்டிலேயேதான் பதிவு செய்தோம். ஏசி ஓடினால் அதன் உறுமல் மைக்கில் ஏறிவிடும் என்பதால், கொளுத்தும் ஆகஸ்டில் ஏசியை அணைத்து, ஜன்னலில் மெத்தையைச் சாத்திவைத்துப் பாடினேன். வியர்வைக் கையில் கிட்டார் ஸ்ருதி விலகிக்கொண்டே இருந்தது. கஹோன் என்கிற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து தாளம் தட்டிய நண்பர், பேங்க்கில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொரு தடவை பாடி முடித்ததும் குளியலறைக்கு ஓடித் தலையை நனைத்துக்கொண்டு வருவார். 'ஷார்ஜா லிஃப்ட்' கடைசிச் சரணத்தில் என் குரல் உடைந்துபோனது. திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம், இதுக்கு மேல நல்லா வராது. விடுங்கோ," என்றார். விட்டுவிட்டேன். அந்த உடைந்த இடத்துக்காகத்தான் மொத்த ஆல்பமும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தப் பாட்டை, நான் பாடினபடியே, ஓர் அரங்கம் நிறைய நம் ஆட்கள் கேட்கவேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். கார் லிஃப்டில் போய்வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் இங்கே தமிழில் பாடி நாலு பேர் காதில் விழவேண்டுமென்றால் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவை விட்டால் வழியில்லை. சங்கத்தின் கலாச்சாரச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். அவர் போன பிறகும் சோபாவை விட்டு அத்தர் வாசனை போகவில்லை.

"ஆல்பத்த நம்ம மேடையிலயே ரிலீஸ் பண்ணிருவோம் மேடம். சென்னையில நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், லைட்டா டச்சப் பண்ணிக் குடுப்பான். நீங்க ஃபைல மட்டும் அனுப்புங்க," என்றார். எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். டச்சப் என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பார்கள் என்று நம்பினேன்.

விழாவுக்குச் சினிமாவிலிருந்து ஒரு விருந்தினரை வரவழைத்திருந்தார்கள். மேடையில் ஸ்பான்சர்கள் அடித்துப் பிடித்து அவர் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள். இந்தக் காலத்தில் சிடி ஏது? ஆனால் வெளியீடு என்றால் ஒருவர் வெளியிட, ஒருவர் பெற்றுக்கொண்டே ஆகவேண்டுமே. காலி ஸ்வீட் பெட்டிக்கு ஜிகினாத் தாள் சுற்றிவைத்திருந்தார்கள். விருந்தினர் தாளைக் கிழித்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

அடுத்து நான் பாடவேண்டும். கிட்டாரில் கேபிளைச் செருகப் போனபோது சவுண்ட் ஆள் ஓடிவந்தார்.

"மேடம், கேபிள் வேணாம், சவுண்ட் இரையும். கிட்டார் சும்மா கையில இருக்கட்டும், பார்க்க அழகா இருக்கும்."

"அப்ப எப்படிப் பாடறது?"

"ட்ராக்லயே உங்க வாய்ஸ் இருக்கு மேடம். வாயசைச்சா போதும், நாங்க பார்த்துக்குறோம்."

இங்கே இதுதான் வழக்கம். முன்பே பதிவுசெய்த ட்ராக்கை ஓடவிட்டு அதன் மேல் பாடுவார்கள், இல்லையென்றால் வாயசைப்பார்கள். நேரில் வாசித்துப் பாடுகிறேன் என்பவளைத்தான் தொந்தரவு பிடித்தவள் என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. முதலில் கார் ஹாரன். அதைத் தொடர்ந்து குத்துப் பாட்டுத் தாளம். நாலைந்து ஆண் குரல்கள் 'யல்லா! யல்லா!' என்று, கிளம்பு கிளம்பு என்று அரபியில் விரட்டுவது போல, கத்தின. நடுவில் என் குரல், இரண்டு மடங்கு வேகத்தில், சுருக்கமே இல்லாமல் இஸ்திரி போட்டது போல. கடைசிச் சரணத்தில் குரல் உடையவில்லை. அங்கேயும் ஒரு ஹாரன்தான் வந்தது. காணாமல் போன ஒருத்தியைப் பற்றிய பாட்டுக்கு அரங்கம் விசிலடித்தது.

நான் வாயை அசைக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கிட்டாரிலிருந்து கையையும் எடுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை அப்படியே நின்றேன். யாராவது ஒருவராவது 'என்ன இது' என்று கேட்பார்கள் என்று முன்வரிசை முகங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே பிரியாணித் தட்டோடு ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னமா பாடுனீங்க மேடம்! அப்படியே சிடியில கேக்குற மாதிரி இருந்துச்சு!" அவள் கையிலிருந்த எண்ணெய் என் கையில் ஒட்டிக்கொண்டது. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எடுத்தேன். அவர்கள் மேல் வந்த அருவருப்பு, காலி ஸ்வீட் பெட்டிக்குப் பக்கத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்ற என் மேலும் வந்தது.

அந்த யல்லா பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சூப்பர் மார்க்கெட்டில் அரிசி எடுக்கப் போனால் அங்கேயும் ஓடுகிறது. நான் வீட்டில் பாடினதை நானே இணையத்தில் ஏற்றினேன், சீண்ட ஆளில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் ஹாரன் எங்கே என்று எழுதினார்கள். "எப்படியோ பேர் வந்துச்சுல்ல, விடு," என்கிறார் கணவர். அதற்குப் பிறகு நாலாவது ஆல்பத்துக்கு என்று எதை எழுத உட்கார்ந்தாலும் நடுவில் அந்த யல்லா வந்து நிற்கிறது. எழுதிய தாளைக் கசக்கிப் போட்டுவிடுகிறேன்.

போன மாதம் மஸ்கட்டிலிருந்து, ரூவியில் விழா நடத்தும் ஒருவர் போன் செய்தார். 'ஷார்ஜா லிஃப்ட்' வேண்டுமாம். எனக்கு லீவ் கிடைக்காது, வர முடியாது என்றேன்.

"பரவால்ல மேடம், நீங்க வரணும்னு இல்ல. ட்ராக் இருக்குல்ல, நம்ம பொண்ணு ஒண்ணு வாயசைச்சிரும். உங்க காதுல ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

கோபத்தை அடக்கிக்கொண்டு, "அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. நான் வீட்டுல பாடுனது நெட்ல இருக்கு. அதையாவது போடுங்க," என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். நல்ல மனிதர்தான், என் மனம் நோகக்கூடாது என்று பார்த்தார்.

"அதையும் கேட்டேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. அது உங்க குரல் மாதிரியே இல்ல."