ஐம்பத்தாறு ராத்தல் தைரியம்

உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவனுக்கு முதலில் வலுப்பெறும் உறுப்பு காதுதான். வராத நாளுக்கெல்லாம் மாணவர்கள் சொல்லும் காரணங்களை அதுதானே தாங்க வேண்டும்? இந்தத் தொழிலில் அடிபட்ட அன்பர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

எண்பதுகளில், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆரஞ்சுக் கூடை அடுக்கும் கிடங்காக இருந்த அறையில் என் கூடம் இருந்தது. சாதனம் என்று பார்த்தால் கைப்பிடி வைத்த இரும்பு எடைக்கற்கள் மூன்று. ராத்தல் போய்க் கிலோ வந்தபின் ஒரு காபி எஸ்டேட் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தவற்றை வாங்கி வந்திருந்தேன். பதினாலு ராத்தல், இருபத்தெட்டு, ஐம்பத்தாறு. கைப்பிடியைப் பிடித்து ஆட்டி, தோளுக்கு ஏற்றி, தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். 'தினமும் இரும்பு, தினமும் தைரியம்' என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தேன்.

ஒழுகும் கூரை

முதலில் சேர்ந்தவர் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஒட்டடைக் குச்சி மாதிரி மனிதர். எஸ்டேட் கொடுத்த வீட்டின் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகுகிறது. மாற்றித் தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்க வேண்டும். ஆபீசுக்குள் நுழைந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். இரண்டு மழைக்காலம் இப்படியே போய்விட்டது. சின்னக் குழந்தைக்கு இருமல் விடுவதாக இல்லை. அடுத்த மழைக்குள் கேட்டாக வேண்டும் என்றார்.

உடம்பு தேறினால் தைரியம் தானாக வரும் என்று அடித்துச் சொல்லி, பதினாலு ராத்தலைக் கையில் கொடுத்தேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், இது எங்க எஸ்டேட்டுக் கல்லாச்சுங்களே, மேனேஜர் பாத்தா கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

லாட்ஜ் மேனேஜரின் சீசன்

அடுத்தவர் ஒரு லாட்ஜ் மேனேஜர், சேலத்துக்காரர். சீசனில் வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போடும் விருந்தினர்களைச் சமாளிக்க அவருக்குத் தைரியம் தேவைப்பட்டது. ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் கழற்றாமலே பயிற்சி செய்வார். வாரத்தில் நாலு நாள் வரமாட்டார். மீதி நாளில் சுவரில் ஆளுயரக் கண்ணாடி மாட்டுங்கள் என்று என்னை நச்சரிப்பார்.

ஒரே நாளில் இருபத்தெட்டு ராத்தலோடு மல்லுக்கட்டிவிட்டுப் போனவர், மறுநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். காலையில் ஒருவர் கத்தியபோது 'நிறுத்துய்யா' என்று சொல்லக் கையை உயர்த்தினாராம்.

"தூக்குன கைய வலியில எறக்க முடியலீங்க மாஸ்டர், சலாம் வெக்கறேன்னு நெனச்சு அவரு சமாதானமாயிட்டாருங்க."

எடுத்த இடம்

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார் வெள்ளக்கடை விவசாயி ஒருவர். தலையில் பலாப்பழ மூட்டை. அதை இறக்கி வைத்துவிட்டு, லாட்ஜ் மேனேஜர் பல்லைக் கடித்து முக்குவதை வேடிக்கை பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து போய், பக்கத்திலிருந்த ஐம்பத்தாறை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார். எடுத்த இடத்திலேயே வைக்கலாம் என்றேன். என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்த எடத்துலயே வெக்கறதுக்கு, படிச்சவீங்கெல்லாம் வந்து எதுக்குங்க இதத் தூக்கறீங்க?"

ஆபீஸ் வாசல்

ரைட்டர் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. எதிரே வரும் ஆள் தெரியாத பனியிலும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். பத்து மாதத்தில் ஐம்பத்தாறு ராத்தல் அவர் தலைக்கு மேல் ஆடாமல் நின்றது. தகர விஷயம்தான் 'திங்கக்கெழமை கேட்டுடறேனுங்க' என்பதிலேயே நின்றது. மேகம் கூடத் தொடங்கிவிட்டது. எனக்கு ஆத்திரம், என் பெயரல்லவா கெடுகிறது? துணைக்கு நானே வருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எஸ்டேட் ஆபீசில் மேனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைத்தான் முதலில் பார்த்தார். யார் நீ, என்ன வேண்டும் என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. சும்மா வந்தேன் என்று முனகிவிட்டு, இரண்டடி பின்வாங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ரைட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசைக்கு அருகில் போனார். "ஊடு நொம்ப ஒழுகுதுங்க. கொழந்தை ரெண்டு வருசமா நனையுது. இந்த வாரமே தகரம் மாத்தோணுங்க." குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தாமல், ஸ்டோரில் எட்டுத் தகரம் எடுத்துக்கொள்ளச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷப் பயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

பஸ்ஸுக்கு நடக்கையில் தொண்டையைக் கனைத்து, எல்லாம் தினப் பயிற்சியின் பலன் என்று ஆரம்பித்தேன். ரைட்டர் என் தோளில் கை வைத்தார். நல்ல கனமான கை.

"தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர், நாளைல இருந்து நீங்களும் பதினாலு ராத்தல்ல ஆரம்பிச்சுருங்க."

ஊருக்கெல்லாம் தைரியத்தைப் பங்குபோட்டுக் கொடுத்த அவசரத்தில் என் பங்கை எடுத்துவைக்க மறந்துபோனதைத் தவிர, இந்தத் தொழிலில் நான் வேறு தவறே செய்யவில்லை.