சோறு வைக்காத பாறை

அண்டார்டிகா என்றதும் எங்கும் வெள்ளையாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் நிலையம் இருந்த இடத்தில் பாறைதான் அதிகம். ஒரு செடி இல்லை, ஒரு புல் இல்லை. பழுப்பும் கறுப்புமாகக் காற்று தேய்த்த மொட்டைப் பாறைகள். நடுவில் உறைந்துபோன ஏரி. பாறை முடிகிற இடத்தில் பனி தொடங்கி வானம் வரைக்கும் போகும். முதல் நாள் இறங்கியவுடன் எனக்கு எங்கள் ஊர் மலைக்கோட்டைதான் ஞாபகம் வந்தது. சித்திரை வெயிலில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இதே கல்தான் தெரியும். குளிர் மட்டும்தான் வேறு.

நான் அங்கே சமையல்காரன். திண்டுக்கல் நாகல் நகரில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போய், அங்கேயே கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாகத் துறைமுகத்துப் பக்கம் கேன்டீன் வேலை. அவர்தான் ஒரு நாள், "துருவத்துக்குப் போறியா, ஒரு வருசம், சம்பளம் நல்லா இருக்கும்" என்று கேட்டார். யாரிடமும் அதிகம் பேச வேண்டியிருக்காது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

கேமரா வந்தது தற்செயலாக. வானிலை பார்க்கும் அதிகாரி ஒருவர் கோடை முடிந்து ஊர் திரும்பும்போது தன்னுடைய சின்னக் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உலையில் அரிசி போட்டுவிட்டுப் பின்கதவுக் கண்ணாடி வழியாக நான் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்திருக்கிறார் போல. எந்தப் பொத்தான் எதற்கு என்று மட்டும் காட்டினார். மற்றதை நானே கெடுத்துக் கெடுத்துப் பழகினேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். அதை உள்பனியனுக்குள் நெஞ்சை ஒட்டி வைத்துக்கொண்டு போய், படம் எடுக்கும் நேரத்தில்தான் கேமராவில் போட வேண்டும். திரும்பி வரும்போது, வெளியிலேயே கேமராவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சமையலறைச் சூட்டில் அதன் உள்ளே எல்லாம் வேர்த்துவிடும். சப்பாத்தி மாவு வைக்கிற கவரைத்தான் நான் பயன்படுத்தினேன். பனியை அப்படியே எடுத்தால் படத்தில் சாம்பல் நிறமாக விழும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால்தான் கண்ணில் பட்ட வெள்ளை வரும்.

நான் எடுத்தது எல்லாம் நிலம்தான். ஏரி, பாறை, பனியில் காற்று கிழித்த வரிகள், குளிர்காலத்து நடுப்பகலில் கொஞ்ச நேரம் மட்டும் தெரிகிற நீல வெளிச்சம். ஆட்களை எடுத்ததில்லை. இப்படித் திரும்புங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வராது. கட்டடம்கூடப் படத்துக்குள் வராமல் தள்ளி நின்று எடுப்பேன்.

குளிர்காலத்துக்குத் தங்கியவர்களில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். நானும், ஜெனரேட்டர் பார்க்கும் மெக்கானிக் தம்பியும். அவனுக்கு ஊர் திண்டுக்கல் பக்கத்து அகரம். வீட்டில் சம்பங்கித் தோட்டம். வீட்டுக்கு ஒரே மகன். என் படங்களைப் பார்க்கிற ஒரே ஆளும் அவன்தான்.

"என்னண்ணே, ஒரு ஆளைக் காணோம். காலி பண்ணிட்டுப் போன வீடு கணக்கா இருக்கு."

"இருக்குறதத்தான எடுக்க முடியும்."

"நான் இருக்கேன்ல. பொண்ணு வீட்டுக்கு அனுப்புற மாதிரி ஒண்ணு எடுங்களேன்."

எடுக்கிறேன் என்று சொன்னேன். எடுக்கவில்லை.

சூரியன் எழும்பாத மாதங்களில் அவனுடைய அப்பா இறந்துபோனார். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. தொலைபேசியில் செய்தி வந்தது. அந்த மாதங்களில் அங்கிருந்து யாரும் எங்கேயும் போக முடியாது. விமானம் வராது. கடல் உறைந்து கிடப்பதால் கப்பலும் வராது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். தம்பி அன்றைக்கும் ஜெனரேட்டர் அறைக்குப் போனான். அவன் போகாவிட்டால் எங்கள் எல்லோருக்கும் வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஊரில் அவன் அம்மா சுவர்மேல் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிட்டிருக்கிறார். காக்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, தொடாமல் பறந்துவிட்டது. இறந்தவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். அன்று அவன் பேசும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"மகன் கையால வச்சாத்தான் எடுப்பாரு போலப்பா. நீ அங்கன ஒரு புடி வையி."

"எம்மா, இங்க காக்கா கிடையாதும்மா."

"காக்கா இல்லாத ஊரு ஏதுடா? நல்லாப் பாத்து வையி. அவரு எடுத்தாருன்னு நீ சொல்றவரைக்கும் எனக்கு ஒரு வேளச் சோறு போதும்."

சொன்னபடியே செய்தார். ராத்திரி மட்டும் கொஞ்சம் சாப்பிடுவார். ஒவ்வொரு அமாவாசைக்கும் சுவரில் சோறு வைப்பார், காக்கை எடுத்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். பெரியம்மா காற்றடித்தால் விழுந்துவிடும் போல இருக்கிறது என்று சித்தப்பா மகன் தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. நாங்கள் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோகிறவர்கள். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு மாடிகளில் சோற்றை வைத்துவிட்டுக் காத்து நிற்பவர்களின் முகத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். காக்கை வந்து கொத்தியதும் அந்த முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

அண்டார்டிகாவில் ஒரு சட்டம் உண்டு. வெளியில் ஒரு பருக்கை போடக் கூடாது. எந்த உயிருக்கும் தீனி வைக்கக் கூடாது. மிச்சச் சோற்றைப் பீப்பாயில் அடைத்துக் கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பீப்பாய்க்குப் பொறுப்பு நான். தம்பி நிலையத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தான். அவர் நல்ல மனிதர். அவன் தோளில் கை வைத்து, முடியாது என்றார்.

பிறகு என்னிடம் வந்தான். நான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு புடி. நீங்க அந்தப் பாறப் பக்கந்தான போறீக. கேமராவுக்கே கவர் போட்டுக் கொண்டுபோறீக, சோத்துக்கு ஒரு கவர் போட மாட்டீகளா?"

"வைக்கக் கூடாதுப்பா."

"யாருக்குத் தெரியும்?"

"அதுக்கில்ல. இப்ப இங்க எந்தப் பறவையும் இல்ல. வச்ச சோறு செத்த நேரத்துல கல்லாப் போகும். அம்மாட்ட என்ன சொல்லுவ? வச்சேன், யாரும் எடுக்கலன்னா?"

அடுத்த அமாவாசைக்கு அவன் அப்பாவுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். உறைந்த கத்திரிக்காய்தான் இருந்தது. சாப்பாட்டு அறையில் கைபேசியில் அவர் படத்தைச் சாய்த்து நிறுத்தி, முன்னால் தட்டை வைத்துக் கும்பிட்டான். பீப்பாய்க்கு ஒரு பருக்கை போகாமல் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "நீங்க சாப்ட்டீக, சரி. அவரு?" என்றார்.

சூரியன் மெதுவாகத் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் மறையாமலே நிற்க ஆரம்பித்தது. ஒரு நாள் மதியம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஏரிக்கு மேலே இருக்கிற பாறையைப் படம் எடுக்கப் போனேன். பேட்டரியை நெஞ்சிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஏதோ போனது. மாதக்கணக்காக ஒரு சிறகு பார்க்காத கண்ணுக்கு ஒரு நொடி என்னவென்றே புரியவில்லை. பழுப்பு நிறப் பறவை. பருந்தும் இல்லை, காக்கையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். கோடையில் கடல் பக்கமிருந்து அங்கே வருகிற பறவைதான். அந்த வருடத்தில் முதலில் வந்தது அது. பாறை உச்சியில் இறங்கி, சிறகை மடக்கி, கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

பக்கத்தில் போகவும் கூடாது. நின்ற இடத்திலிருந்தே அழுத்தினேன். அவசரத்தில் ஜெனரேட்டர் அறையின் தகரக் கூரை படத்தின் மூலையில் விழுந்துவிட்டது. தள்ளி நின்று இன்னொன்று எடுக்கப் போனபோது பேட்டரி செத்துவிட்டது. பறவை இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது.

உள்ளே வந்து தம்பியிடம் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், பிறகு சமையலறைச் சுவரில் நான் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தான். அன்றைக்கு அமாவாசை. எனக்கு அது தோன்றவே இல்லை.

"வந்துட்டாருண்ணே" என்றான்.

படத்தை ஊருக்கு அனுப்பினோம். அங்கிருந்து அனுப்பும்போது படம் சின்னதாகித்தான் போகும். அவன் அம்மாவின் கைபேசியில் பாறை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. "என்னத்துக்குப்பா கல்லப் புடிச்சு அனுப்புற? நான் சாப்புடணும்னு பொய் சொல்றியா?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் நிறையப் பறவைகள் வந்தன. இன்னொரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே. மத்ததெல்லாம் பறவ. வந்தது அதுதான்."

நான் முதலில் விமானத்தில் ஊர் திரும்பினேன். அடுத்த குழுவிடம் இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டுக் கப்பலில் வர அவனுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. புறப்படும்போது, "பெருசாப் போட்டு எங்கம்மாட்டக் குடுத்துருங்கண்ணே. நீங்களே கையில குடுங்க" என்றான்.

திண்டுக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாகப் போடக் கொடுத்தேன். அங்கிருந்தவன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "எங்கருந்துண்ணே டவுன்லோடு பண்ணீங்க?" என்றான். நான் எடுத்தது என்று சொன்னேன். என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரச் சொன்னான். உறையில் போட்டுக் கொடுத்ததை அங்கேயே பிரித்துப் பார்க்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவிதான் பிரித்தாள்.

"பறவ பறவன்னீங்க. எங்க இருக்கு?"

பாறை இருந்தது. ஏரி இருந்தது. பறவை இல்லை.

மறுநாள் திரும்பப் போனேன். கடையில் கூட்டம். ஒரு ஓரமாக நின்று எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன். "கல்லு மேல ஒரு அழுக்கு இருந்துச்சுண்ணே. நாந்தான் க்ளீன் பண்ணி விட்டேன்" என்றான் அவன். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்றும் சொன்னான்.

"அந்த அழுக்கு வேணும்" என்றேன்.

"அழுக்கா?"

"அதுக்குத்தான் அந்தப் படம்."

சிரித்துக்கொண்டே மறுபடியும் போட்டுக் கொடுத்தான். இந்த முறை அங்கேயே பிரித்துப் பார்த்தேன். பெரிதாகப் போட்டதில் அலகுகூடத் தெரிந்தது.

அகரத்துக்குப் பேருந்தில் போகும்போது வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் அவன் அம்மா சம்பங்கியைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் யார் என்று சொல்லத் தடுமாறியபோது அவரே, "எம்மகனுக்குச் சோறாக்கிப் போட்ட தம்பியா? உள்ள வாப்பா" என்றார்.

படத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"இதுவா?"

"ஆமாம்மா."

"சோறு எங்க?"

சாப்பிட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வரும் வழியில் அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"சோறு வைக்கலம்மா. அங்க வெளிய ஒரு பருக்க வைக்கக் கூடாது. உங்க மகன் எம்புட்டோ கேட்டுச்சு. நான்தான் குடுக்கல."

"அப்ப இது எதுக்கு வந்துச்சு?"

"தெரியலம்மா. வந்துச்சு. செத்த நேரம் கீழ பாத்துக்கிட்டு உக்காந்துருந்துச்சு. போயிருச்சு."

"எம்மகன் எங்க இருந்தான் அப்ப?"

மூலையில் இருந்த தகரக் கூரையைக் காட்டினேன். "இதுக்குள்ள. வேலையில இருந்துச்சு."

அவர் விரலைப் பறவைமேல் வைத்தார். பிறகு பாறை வழியாக மெதுவாக இறக்கிக்கொண்டு வந்து கூரைமேல் நிறுத்தினார்.

"சோத்துக்கு வரல" என்றார். பிறகு என்னிடமா, தனக்குத்தானா என்று தெரியாதபடி பேசினார். "அவன் ஹாஸ்டல்ல படிக்கிறப்பவும் இப்படித்தான். பூ போட மார்க்கெட்டுக்குப் போற மனுசன், அப்படியே ஹாஸ்டலுக்குப் போயி வாசக்கேட்டுக்கு வெளிய நின்னு அவன் போறது வாரதப் பாத்துட்டு வந்துருவாரு. கூப்புடவும் மாட்டாரு. ஒரு டீ குடிக்க மாட்டாரு. என்னய்யான்னா, இருக்கான், பாத்தேன்னுவாரு."

படத்தைத் துணியால் துடைத்துச் சாமி அலமாரியில் சாய்த்து வைத்தார். அடுப்படிக்குப் போனார். ஒரு பிடி சோற்றைக் கொண்டுபோய்ப் பின்சுவரில் வைத்தார். கூப்பிடவில்லை. நின்று பார்க்கவும் இல்லை. திரும்பி வந்து தரையைத் துடைத்து இரண்டு தட்டு போட்டார்.

"வெஞ்சனம் ஒண்ணும் சரியா இல்லப்பா. அவரக்காதான். உக்காரு."

எனக்குப் பரிமாறிவிட்டு, தன் தட்டிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். உச்சி வெயில் நேரம். அவர் பிசைந்து வாயில் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறிப் பழகிய கண் அடுத்தவர் தட்டைத்தான் பார்க்கும். அவர் எட்டிப் பாத்திரத்தை இழுத்து இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் நான் என் தட்டில் கை வைத்தேன்.